கோல்ட் றூமை வைன் நிலவறையாக்குவது எப்படி: முதலில் பெட்டி, பிறகு போத்தல்

ஒன்ராறியோவின் மார்க்கம் நகரில் வாங்கிய வீட்டின் பேஸ்மென்றை இந்த வருடம் முடிக்கப் போகிறீர்கள். முன்வாசல் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் கோல்ட் றூமை 500 போத்தல் கொள்ளும் வைன் நிலவறையாக மாற்றலாமா, மாற்றுவதென்றால் எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முழுக் கண்ணாடிச் சுவர், கல் பதித்த பின்னணி, ராக்கைக்குள்ளே விளக்கு என்று நீங்கள் விரும்பும் மாதிரியையும் விவரித்திருக்கிறீர்கள். மாற்றலாம், நன்றாகவே வரும். ஆனால் நீங்கள் விவரித்தவற்றில் ஒன்றுகூட வைனைக் காப்பாற்றாது. அதைக் காப்பது சுவருக்குள் மறைந்துபோகும் வேலை. குளிரூட்டல் தொழிலில் இருக்கிறவன் என்பதால் அந்த மறைந்த வேலையைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

அதற்கு முன் அந்த 500 என்ற எண்ணைப் பார்ப்போம். எத்தனை போத்தலுக்கு இடம் வேண்டும் என்பதைக் கணக்காகவே போட்டுவிடலாம். வருடத்துக்கு எத்தனை போத்தலை வைத்திருக்கவென்றே வாங்குகிறீர்கள், ஒன்றைச் சராசரியாக எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள் என்ற இரண்டையும் பெருக்குங்கள். மாதம் ஐந்து போத்தல் என்றால் வருடத்துக்கு 60. ஆறு வருடம் வைத்திருந்தால் 360. அடுத்தடுத்த வாரங்களில் குடிப்பதற்கென்று ஓர் ஐம்பது, விருந்துக்கும் பரிசுக்கும் வந்து சேருபவை கொஞ்சம் என்று பார்த்தால் 500 நியாயமான எண்தான். ஆனால் அந்த 60 போத்தலும் வைத்திருக்கத் தகுந்தவையா என்று யோசியுங்கள். ஒன்ராறியோ அரசின் மதுக்கடையான எல்சிபிஓவின் தட்டுகளில் இருப்பவற்றில் பெரும்பகுதி வாங்கிய ஓரிரு வருடத்துக்குள் குடிக்கவென்றே செய்யப்படுபவை. அவற்றை எவ்வளவு நல்ல அறையில் வைத்தாலும் பழசாகுமே தவிரப் பக்குவப்படாது. பொறுமைக்குப் பலன் தருபவை வேறு: பிரான்சின் பொர்தோ, இத்தாலியின் பரோலோ, வட ரோன் பள்ளத்தாக்கின் சீரா, ஜேர்மனியின் நல்ல ரீஸ்லிங், வின்ரேஜ் போர்ட் போன்றவை. இங்கே நயாகராவில் நல்ல ஆண்டுகளில் வரும் ரீஸ்லிங்கும் கபர்னே பிராங்கும் பல வருடம் தாங்கும். கொடியிலேயே உறைந்த திராட்சையில் செய்யும் ஐஸ்வைனைச் சொல்லவே வேண்டாம். 1989 அறுவடையில் அங்குள்ள இனிஸ்கிலின் நிறுவனம் விடால் திராட்சையில் செய்த ஐஸ்வைன் 1991இல் பிரான்சின் வினெக்ஸ்போ வைன் கண்காட்சியில் உயர்ந்த விருதைப் பெற்ற பிறகுதான் நயாகராவை உலகம் திரும்பிப் பார்த்தது.

உங்கள் கணக்கு 150 போத்தலுக்குக் கீழே வந்தாலோ, மூன்று நான்கு வருடத்தில் வீடு மாறும் எண்ணம் இருந்தாலோ அறை கட்ட வேண்டாம். கொம்பிரசர் உள்ள ஒரு நல்ல வைன் பிரிட்ஜ் போதும். வீடு மாறும்போது கூடவே எடுத்துப் போகலாம். நான் இதைச் சொல்லி அறை கட்டும் எண்ணத்தை விட்டவர்கள் இருக்கிறார்கள், அது அவர்களுக்கு நல்லதாகவே முடிந்தது.

சரி, 500 உறுதி என்று வைத்துக்கொள்வோம். வைன் நிலவறைக்கு எல்லோரும் சொல்லும் 13 டிகிரி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். ஐரோப்பாவில் ஆழமான நிலத்தின் இயல்பான வெப்பநிலை கிட்டத்தட்ட அதுதான். பாரிஸ் வானாய்வகத்துக்குக் கீழே 28 மீற்றர் ஆழத்தில் உள்ள நிலவறைகளில் கோடையிலும் மாரியிலும் ஒரே வெப்பநிலை இருப்பதைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே கவனித்தார்கள். அது ஏறத்தாழ 12 டிகிரி. ஷம்பெயின் பகுதியில் ரைம்ஸ் நகரத்துக்குக் கீழே உள்ள சுண்ணக்கல் குகைகளும் 10 முதல் 12 டிகிரியில் இருப்பவை. வைன் அந்த நிலத்தடியில் நன்றாக முதிர்ந்ததைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த அனுபவம்தான் இன்று கருவியில் 13 என்ற எண்ணாக வந்து நிற்கிறது. ஆகவே உங்கள் அறை 12 காட்டினாலும் 15 காட்டினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. பருவத்தோடு மெதுவாக ஏறி இறங்குவதையும் வைன் தாங்கும். தாங்காதவை இரண்டு. நீண்ட நாள் தொடரும் சூடு ஒன்று, நாளுக்கு நாள் குதிக்கும் வெப்பநிலை மற்றது. சூடேறும்போது உள்ளே உள்ள வைன் விரிந்து தக்கையைத் தள்ளும், ஆறும்போது சுருங்கி வெளிக்காற்றை இழுக்கும். அப்படி மூச்சு வாங்கிய போத்தலின் கழுத்தில் வைன் மட்டம் இறங்கியிருக்கும், தக்கையின் ஓரத்தில் பிசுபிசுப்பு தெரியும்.

2010இல் பால்டிக் கடலில் ஓலாண்ட் தீவுகளுக்கு அருகே மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்து 168 ஷம்பெயின் போத்தல்களை எடுத்தார்கள். ஏறத்தாழ 170 வருடம் பழையவை. அவற்றில் சில இன்னும் குடிக்கும் நிலையில் இருந்தன. 50 மீற்றர் ஆழம், இருட்டு, எப்போதும் 2 முதல் 4 டிகிரிக் குளிர். அவ்வளவுதான் அந்தக் கப்பல் கொடுத்தது. நீங்கள் கட்டப்போவதும் இருட்டும் மாறாத குளிரும் உள்ள ஒரு பெட்டி என்பதை மனதில் வைத்திருங்கள்.

இப்போது உங்கள் கோல்ட் றூமுக்கு வருவோம். ஒன்ராறியோ வீடுகளில் முன்வாசல் கொங்கிறீட் தளத்துக்குக் கீழே இருக்கும் இந்த அறை கிழங்கும் ஊறுகாயும் வைக்கவென்று விடப்பட்டது. இரண்டு அல்லது மூன்று பக்கம் வெளிச்சுவர், மேலே நேரடியாக வாசல் தளம், காற்றுக்கு ஒன்றிரண்டு குழாய், பேஸ்மென்ற் பக்கம் ஒரு கதவு. நம்மவர்கள் வீடுகளில் அரிசி மூட்டையும் வெங்காயமும் பூசணியும் அங்கேதான் இருக்கும். பெயரில் குளிர் இருப்பதால் வைனுக்கு ஏற்றது என்று பலரும் நினைக்கிறார்கள். மாரியில் அங்கே உறைநிலைக்கு அருகே போகும். ஓகஸ்ட்டில் வெயில் வாசல் தளத்தைச் சுடவைக்கும்போது 20ஐத் தாண்டும். அதாவது வைனுக்கு ஆகாத அந்த ஏற்ற இறக்கம்தான் அதன் இயல்பு.

ஆகவே எந்த ஒப்பந்தக்காரரையும் அழைப்பதற்கு முன் அளந்து பாருங்கள். உயர்ந்த அளவையும் தாழ்ந்த அளவையும் நினைவில் வைக்கும் சின்ன டிஜிற்றல் வெப்பமானி ஒன்று வாங்கி, அதன் நுனியை நீர் நிரப்பிய ஒரு வெறும் வைன் போத்தலுக்குள் விட்டு வையுங்கள். காற்றின் வெப்பநிலை கதவைத் திறந்ததும் மாறிவிடும். நீருக்குள் இருக்கும் நுனிதான் வைன் உணர்வதைக் காட்டும். ஒன்று கதவருகே, இன்னொன்று வெளிச்சுவர் மூலையில். குறைந்தது கடுங்கோடையில் ஒரு மாதமும் ஜனவரியில் ஒரு மாதமும் பார்க்க வேண்டும். ஈரப்பதனையும் சேர்த்துக் காட்டும் கருவியாக இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது தண்ணீர். மழை பெய்த மறுநாள் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய் மேல் தளத்தையும் தளமும் சுவரும் சேரும் மூலையையும் பாருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் கொங்கிறீட்டுக்குள்ளால் வந்துபோகிறது என்று அர்த்தம். வாசல் தளத்தின் வெடிப்பு, கைப்பிடிக் கம்பி நட்ட இடம், படிக்கட்டு ஒட்டும் விளிம்பு, இவைதான் வழக்கமான வழிகள். அதை வெளியிலிருந்து திருத்தி, இரண்டு மூன்று பெரிய மழை கண்டு, உலர்ந்திருக்கிறது என்று உறுதியான பிறகுதான் அடுத்த வேலை. ஒழுகும் சுவரை மூடி அழகுபடுத்தினால் ஒழுக்கு நிற்காது, கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

அப்படியே பூஞ்சணம் பிடித்த சுவரைக் கழுவும்போது ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். பிளீச் போட வேண்டாம். பிளீச்சில் உள்ள குளோரினும் மரத்தில் உள்ள பீனோல் சேர்வைகளும் பூஞ்சணமும் சேரும் இடத்தில் ரி.சி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லும் சேர்வை உண்டாகலாம். தக்கை கெட்ட வைனில் ஈரக் காகித அட்டை மணம் அடிக்குமே, அதற்குக் காரணம் இதுதான். லீற்றருக்குச் சில நானோகிராம் இருந்தாலே நாக்குக்குத் தெரிந்துவிடும். தக்கையில் இருந்தால் ஒரு போத்தல் போகும். அறையின் மரத்தில் ஏறிவிட்டால் அந்த அறையே போகும். பிரான்சில் பெயர்பெற்ற வைன் பண்ணைகள் சிலவே இதனால் நிலவறை மரங்களைப் பிடுங்கி எறிய வேண்டி வந்திருக்கிறது. ஹைட்ரஜன் பெரொக்சைட்டோ சாதாரணச் சோடாக் கரைசலோ போதும். இரசாயனம் ஏற்றிய மரத்தையும் உள்ளே பாவிக்காதீர்கள்.

இனித்தான் நான் நீளமாக எழுத விரும்பிய விடயம். நீராவி.

ஜூலை மாதத்தில் உங்கள் பேஸ்மென்ற் 24 டிகிரியும் 60 வீத ஈரப்பதனும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது சாதாரணமான நிலை. அந்தக் காற்றின் பனிபடுநிலை கிட்டத்தட்ட 16 டிகிரி. அதாவது 16க்குக் குறைந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அந்தக் காற்றிலுள்ள நீராவி ஒடுங்கித் துளியாகும். உங்கள் அறையோ 13இல் இருக்கிறது. ஆக, பேஸ்மென்ற் காற்று சுவருக்குள் புகுந்து குளிர்ந்த பக்கத்தை எட்டினால் சுவருக்கு உள்ளேயே தண்ணீர் கட்டும். இதைத் தடுக்கும் பொலித்தீன் தாள் எப்போதும் சூடான பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்ராறியோவில் பேஸ்மென்ற் முடிப்பவர்களுக்குக் கை பழகிய முறை இதற்கு நேர்மாறு. அவர்கள் வீட்டு அறைகளுக்குச் செய்வதுபோல் கட்டைகளுக்கு இடையே பைபர்கிளாஸ் பஞ்சை வைத்து, அறையின் உட்பக்கம் தாளை அடித்து, அதன்மேல் டிரைவோல் எனும் ஜிப்சம் பலகையைப் போட்டுவிடுவார்கள். வீட்டுக்கு அது சரி, ஏனென்றால் வீட்டில் உட்பக்கம்தான் சூடு. வைன் அறைக்கு உட்பக்கம்தான் குளிர்.

ஏஜக்ஸில் ஒரு வீட்டில் இப்படிக் கட்டிய அறையைத் திறந்து பார்த்திருக்கிறேன். இரண்டாவது கோடையில் மணம் அடிக்கிறது என்று அழைத்தார்கள். பேஸ்மென்ற் பக்கச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு சதுரம் வெட்டி எடுத்தேன். தாளின் மறுபக்கம் முழுவதும் துளித்துளியாக நீர். பஞ்சைக் கையில் பிடித்தால் மேலே உலர்ந்தும் கீழே கனத்தும் இருந்தது, பிழிந்தபோது வடிந்தது. அடிக்கட்டையில் கறுப்புப் பூஞ்சணம் புள்ளிபுள்ளியாகப் பரவியிருந்தது. உள்ளே ராக்கையில் இருந்த போத்தல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவ்வளவையும் இறக்கி, மகோகனி ராக்கையைக் கழற்றி, சுவரைக் கட்டை வரைக்கும் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டி வந்தது. முதலில் தாளைப் பக்கம் மாற்றி அடித்திருந்தால் ஒரு சதமும் கூடச் செலவாகியிருக்காது.

உங்கள் அறையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பேஸ்மென்ற் பக்கச் சுவருக்கு வருடம் முழுவதும் பேஸ்மென்ற்தான் சூடான பக்கம், அதனால் அங்கே குழப்பமில்லை: தாள் பேஸ்மென்ற் பக்கம், இன்சுலேசன் அதற்கு உள்ளே. வெளிச்சுவர்கள் அப்படியல்ல. கோடையில் வெளியே 30, உள்ளே 13. மாரியில் வெளியே மைனஸ் 15, உள்ளே அதே 13. சூடான பக்கம் பருவத்தோடு மாறுகிறது. தாளை எந்தப் பக்கம் அடித்தாலும் பாதி வருடம் பிழைதான். இதற்கு நான் நம்பும் வழி, மூடிய கண்ணறை உள்ள ஸ்பிரே போம். அதைக் கொங்கிறீட்டில் நேரடியாக அடிக்கும்போது இடையில் காற்றுக்கே வழியில்லை, தடித்த அந்த நுரையே நீராவியையும் தடுக்கும், எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தடுக்கும். சூட்டைத் தடுக்கும் திறனை ஆர் என்ற எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் தடுப்பும் கூடும். இதில் அங்குலத்துக்கு ஆர்-6 அளவு கிடைக்கும். சுவருக்கு மூன்று அங்குலத்துக்குச் சற்று மேலே போனால் ஆர்-20. வாசல் தளத்தின் அடிப்பக்கம் ஐந்து அங்குலம், ஆர்-30. அந்தத் தளத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வெயிலில் 40 டிகிரியாகச் சுடும் வெறும் கொங்கிறீட் உங்கள் அறைக்குள் ஏறத்தாழ 400 வாட் சூட்டை இறக்கும். ஆர்-30 போட்ட பிறகு அதுவே 25 வாட்டுக்குள் அடங்கிவிடும். பழைய காற்றுக் குழாய்களையும் அதே வேலையில் அடைத்துவிடுங்கள். அவை இருந்தால் மற்ற எல்லாம் வீண்.

போம் அடிக்கும் அன்று குடும்பத்தோடு வீட்டை விட்டு வெளியே இருங்கள், ஒரு நாள் முழுவதும். நுரை வெளியே தெரிய விடக்கூடாது, தீப்பாதுகாப்புக்காக டிரைவோல் போன்ற ஒன்றால் மூட வேண்டும் என்பது சட்டம். ஈரம் தாங்கும் பச்சை டிரைவோலைக் கேளுங்கள். தரைக்கு இன்சுலேசன் போடச் சொல்லி நான் வற்புறுத்துவதில்லை. இரண்டு மீற்றருக்குக் கீழே உள்ள மண் கோடையிலும் குளிர்ச்சி, அது உங்களுக்கு உதவிதான். ஈரம் மேலே ஏறாமல் நல்ல சீலர் பூசி அதன்மேல் ஓடு பதித்தால் போதும். கார்பெற்றோ லாமினேற்றோ வேண்டாம்.

உங்கள் கண்ணாடிச் சுவருக்கு இப்போது வருகிறேன். ஆசையைக் குறைக்க அல்ல, விலை தெரிந்து முடிவெடுக்க. மூன்று மீற்றர் நீளம், ஒன்றரை மீற்றர் அகலம், 2.3 மீற்றர் உயரம் என்று உங்கள் அறையை எடுத்தால் நான்கு சுவரும் சேர்ந்து 20 சதுர மீற்றருக்குச் சற்று மேல். ஆர்-20 போட்டால், பேஸ்மென்ற் 24 ஆக இருக்கும்போது, அவ்வளவு சுவருக்குள்ளாலும் வரும் சூடு 65 வாட் அளவில்தான். இரட்டைக் கண்ணாடி போட்ட ஒரே ஒரு கதவு, இரண்டு சதுர மீற்றருக்குச் சற்றுக் குறைவு, 58 வாட் விடும். ஒற்றைக் கண்ணாடி என்றால் அது 120. நீங்கள் கேட்ட முழுக் கண்ணாடிச் சுவர், இரட்டைக் கண்ணாடியிலேயே 200 வாட்டைத் தாண்டும். குளிரூட்டும் யூனிற்றுக்கு இது பெரிய சுமை அல்ல, சமாளிக்கும். ஆனால் அதற்கேற்ப நீண்ட நேரம் ஓடும், சத்தம் கூடும், ஓடும் நேரமெல்லாம் உள்ளே உள்ள ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும். மின்சாரம் நின்றுபோகும் நாளில் அறை விரைவாகச் சூடேறும். ஒற்றைக் கண்ணாடியில் இன்னொரு தொல்லை: அதன் வெளிப்பரப்பு 16 டிகிரி அளவில் நிற்கும், நாம் மேலே பார்த்த பனிபடுநிலையும் அதேதான். ஈரமான நாள்களில் கண்ணாடி வியர்த்துத் தரையில் வடியும். இரட்டைக் கண்ணாடியின் வெளிப்பரப்பு 20 அளவில் இருக்கும், வியர்க்காது.

என் யோசனை, கதவு மட்டும் இரட்டைக் கண்ணாடி, மற்றது முழுச் சுவர். கதவு வெளிவாசல் கதவின் தரத்தில் இருக்க வேண்டும். நான்கு பக்கமும் ரப்பர் ஓரம், கீழே தரையைத் தொடும் சீல். அடைத்துவிட்டு இருட்டில் மறுபக்கம் விளக்கைப் பிடித்துப் பாருங்கள், கீற்று வெளிச்சம் வந்தால் ஈரக் காற்றும் வரும். சாதாரண உள்ளறைக் கதவை மாட்டி, செலவைக் கல் பதிப்பில் போட்டவர்கள் எத்தனையோ பேர்.

யூனிற் தெரிவு இதற்குப் பிறகு எளிது. சாதாரண ஏசி சரிவராது. பெரும்பாலானவை 16 டிகிரிக்குக் கீழே போக மறுக்கும், காற்றையும் வறளவைக்கும். வைனுக்கென்று செய்தவை சுவருக்குள் பொருத்தும் ஒற்றை யூனிற், இரண்டாகப் பிரிந்த ஸ்பிளிற், குழாய் வழியே காற்றைக் கொண்டுவருவது என்று மூன்று வகை. நீங்கள் பெட்டியைச் சரியாகக் கட்டினால் மணிக்கு 2000 பி.ரி.யூ. அளவான சின்ன யூனிற்றே தாராளம். அது ஏறத்தாழ 580 வாட் சூட்டை வெளியேற்றும். அந்தச் சூடு எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. சுவர் யூனிற் அதைப் பக்கத்து அறையில் கொட்டும், கொம்பிரசர் தின்னும் மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து. பக்கத்தில் இருப்பது காற்றோட்டமில்லாத சின்னச் சாமான் அறை என்றால் அந்த அறை சூடேறி யூனிற் திணறும். பேஸ்மென்றை வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். குடியிருப்பவரின் படுக்கையறைக்குள் சூடும் சத்தமும் போகும்படி வைக்கக்கூடாது. அப்போது ஸ்பிளிற்தான் சரி. அதைப் பொருத்த ஒன்ராறியோவில் 313ஏ உரிமம் உள்ள குளிரூட்டல் தொழிலாளி வேண்டும். மின்சாரத்துக்குத் தனி சேர்க்கிற் இழுத்து, ஒன்ராறியோவின் மின்பாதுகாப்பு அமைப்பான இஎஸ்ஏயில் முறையாக அறிவியுங்கள். சுவர் மாற்றும் வேலைக்கு அனுமதி வேண்டுமா என்று நகரசபைக் கட்டடப் பிரிவிலும் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த யூனிற்றிலும் வடிந்துவரும் நீர் போக ஒரு குழாய் வழி தேவை. டிரைவோல் அடித்த பிறகு அதை யோசித்தால் சுவரை மீண்டும் உடைக்க வேண்டிவரும்.

மாரியில் நிலைமை தலைகீழ். யூனிற் வேலையின்றி நிற்கும், அறை மெல்ல 9 அல்லது 10 டிகிரிக்கு இறங்கலாம். அது வைனுக்குக் கெடுதலல்ல, முதிர்ச்சி சற்று மெதுவாகும். வைன் உறைவது மைனஸ் 5 டிகிரிக்கு அருகில்தான். ஆனாலும் உங்கள் வெப்பமானி 7க்குக் கீழே காட்டுகிறது என்றால் சிறு ஹீற்றர் சேர்ந்த யூனிற்றைத் தெரிவு செய்யுங்கள்.

ஈரப்பதன் 50க்கும் 70க்கும் இடையில் இருந்தால் அதை மறந்துவிடலாம். 75ஐத் தாண்டினால் லேபிளில் பூஞ்சணம் பிடிக்கும். மாரியில் வீட்டுக் காற்று 30 வீதத்துக்கும் கீழே வறண்டுபோகும். பெட்டி நன்றாக அடைபட்டிருந்தால் அந்த வறட்சி உள்ளே வராது. படுக்க வைத்த போத்தலில் தக்கையின் உட்பக்கம் எப்போதும் வைனில் நனைந்தே இருக்கும் என்பதும் உங்களுக்குத் துணை.

ராக்கைக்கு இடம் சொல்கிறேன். சாதாரண பொர்தோ போத்தல் 30 சென்ரிமீற்றர் நீளம், ஏழரை குறுக்களவு. பேர்கண்டி அகலம் கூடியது, ஷம்பெயின் இன்னும் கூட, ஏறத்தாழ ஒன்பது. ஐஸ்வைன் போத்தல் 375 மில்லிலீற்றர், மெலிந்தது. சாதாரணக் குழியில் வைத்தால் பின்னால் நழுவும். உங்கள் அறை ஒன்றரை மீற்றர் அகலம், நுரையும் டிரைவோலும் போக 1.25 அளவில் மிஞ்சும். இரண்டு பக்கமும் ராக்கை வைத்தால் நடுவில் 60 சென்ரிமீற்றர்தான் இருக்கும், குனிந்து போத்தல் எடுக்க முடியாது. ஒரே பக்கம் வையுங்கள். 2.8 மீற்றர் நீளத்துக்குப் பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒன்றாக 28 வரிசை, உயரத்தில் 20 தட்டு, 560 போத்தல். உங்கள் எண் ஒரு சுவரிலேயே அடங்கிவிட்டது. கீழே ஓரடி உயரத்தைத் தனிக் குழிகளாக்காமல் மரப்பெட்டியோடு வைக்க விட்டால் இன்னும் வசதி. ஷம்பெயினுக்கும் இரட்டை அளவுப் போத்தலான மக்னமுக்கும் ஒரு பகுதியை அகலமாகக் கேளுங்கள். நிரம்பிய போத்தல் 1.3 கிலோ என்றால் மொத்தம் 650 கிலோ. கொங்கிறீட் தரைக்கு இது ஒன்றுமில்லை. மேல்மாடியில் மரத்தளத்தில் கட்ட நினைப்பவர்கள் பொறியியலாளரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது.

மரம் மகோகனி, சபேலே, ரெட்வுட் எதுவும் நல்லது. பைனும் மோசமில்லை, விலையும் குறைவு. சீடர் வேண்டாம், அதன் மணம் அடைத்த அறையில் நிற்கும். வார்னிஷ் அடிப்பதானால் நீர் கலந்த வகையை வெளியிலேயே அடித்து, மணம் போன பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். அதே காரணத்துக்காக இது அரிசி, வெங்காயம், பூண்டு, கருவாடு வைக்கும் அறையாகத் தொடர முடியாது. அவற்றுக்கு வேறு அலுமாரி பார்த்துவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் அவை திரும்பி வந்துவிடும். விஸ்கிக்கும் பிராண்டிக்கும் இந்த அறை தேவையில்லை. அவை வெளியே அலுமாரியில், நிமிர்த்தி வைக்க வேண்டியவை. படுக்க வைத்தால் அந்தச் சாராயக் காரம் தக்கையை அரிக்கும்.

விளக்கு எல்ஈடி, கதவைச் சாத்தியதும் அணையும்படி. கூரைக்குள் புதைக்கும் விளக்குக்காக நுரையில் ஓட்டை போட விடாதீர்கள், மேலே ஒட்டும் வகை போதும். ராக்கைக்குள் எரியும் விளக்கு வேண்டும் என்றால் விருந்தாளி வரும் நேரத்துக்கு மட்டும் போடுங்கள். ஒளியின் நீலப் பகுதியும் புற ஊதாவும் வைனிலுள்ள ரைபோபிளேவினைத் தூண்டி முட்டைக்கோசு வெந்த மணத்தை உண்டாக்கும். நிறமற்ற கண்ணாடியில் இது விரைவு. லூயி ரோடரரின் கிறிஸ்ரால் ஷம்பெயின் தெளிந்த கண்ணாடிப் போத்தலில் வருவதால்தான் அதை மஞ்சள் செலோபேன் தாளில் சுற்றி விற்கிறார்கள். தாளைக் கழற்றாமலே படுக்க வையுங்கள்.

பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். ஒழுக்கு, போம், கதவு, யூனிற். இந்த நான்கும் முடிந்து மிஞ்சியதில் ராக்கை, அதற்குப் பிறகு கல். ராக்கையைப் பாதி பாதியாகக்கூட வாங்கலாம், முதல் வருடம் கடையில் கிடைக்கும் சாதாரண பைன் தட்டுகளில் வைத்தாலும் வைனுக்குக் குறையில்லை. சுவரைப் பிறகு திருத்தலாம் என்று விட முடியாது.

எல்லாம் முடிந்ததும் யூனிற்றைப் போட்டு வெறும் அறையாகவே இரண்டு வாரம் ஓட விடுங்கள். முன்பு வைத்த நீர்ப்போத்தல் வெப்பமானியை அதே மூலையில் வையுங்கள். வெப்பநிலை ஒரு டிகிரிக்குள் நிற்கிறதா, யூனிற் இடையிடையே ஓய்கிறதா, பேஸ்மென்ற் பக்கச் சுவரைத் தடவினால் எங்கேனும் குளிர்கிறதா என்று பாருங்கள். ஓயாமல் ஓடினால் எங்கோ காற்று நுழைகிறது, போத்தல் ஏற்றுவதற்கு முன் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகும் 500 போத்தலையும் ஒரே நாளில் அடுக்காதீர்கள். 22 டிகிரியில் இருக்கும் அவ்வளவு வைனையும் 13க்கு இறக்க நாலரை கிலோவாட்-மணி மின்சாரத்துக்குச் சமமான சூட்டை வெளியே எடுக்க வேண்டும், சின்னக் கொம்பிரசர் அரை நாளுக்கும் மேலாக மூச்சு விடாமல் ஓடும். நாளுக்கு ஐந்தாறு பெட்டி வீதம் ஒரு வாரத்தில் ஏற்றுங்கள். நீண்ட காலம் வைப்பவை கீழ்த்தட்டுகளில், அங்கேதான் குளிர் நிலையாக இருக்கும். இந்த வருடம் திறப்பவை கண் உயரத்தில். எந்தப் போத்தல் எந்த வரிசை, எந்த வருடத்துக்குப் பிறகு திறப்பது என்று ஏற்றும்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

கடுங்கோடை அளவும் ஜனவரி அளவும் கையில் வந்த பிறகு எழுதுங்கள். யூனிற்றின் அளவைச் சேர்ந்தே பார்க்கலாம்.